யானைக்கு ஹாரன் அடித்தவன்

லுலெகானியில் ரிசெங்காவைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். லுலெகானிக்கும் பலபோர்வா டவுனுக்கும் நடுவே, பதினைந்து பேர் ஏறுகிற வெள்ளை வேனை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறான். ரோட்டோரம் யார் நின்றாலும் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும். ஏறுகிறாயா என்று கேட்கிற சின்ன ஹாரன்தான். நிற்கிறவர் விரலைக் காட்டினால் வண்டி நிற்கும், தலையை ஆட்டினால் போய்விடும். கல்லறைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்து ஒரு தடவை ஹாரன் அடித்து, செத்தவரின் தம்பியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பழக்கம் அப்படி, என்ன செய்வது?

காட்டு விலங்குக் காப்பகத்தின் வேலி அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். யானை பிளிறினால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தூக்கம்கூடக் கலையாது. அவன் அப்பாவின் சோளக்கொல்லையை யானை மூன்று தடவை மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனாலும் நாற்பத்தொரு வயதுவரை ரிசெங்கா வேலிக்கு உள்ளே காலடி வைத்ததில்லை. கார் வைத்திருக்கிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம் அது. நமக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறான் என்றால் மகள் கேட்டதால்தான். அமுகெலானிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் காப்பகத்துக்குக் கூட்டிப் போன அன்றைக்கு இவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். அதிலிருந்து அந்த ஆசை மனசிலேயே கிடந்தது. இப்போது கேட்டுவிட்டாள், ஏனென்றால் இன்று சாயங்காலத்தோடு அவள் ஊரைவிட்டே போகிறாள்.

ரிசெங்காவின் மனைவி ருலானி இறந்து இரண்டு வருஷமாகிறது. அவன் விடியற்காலை நாலு மணிக்குச் சுரங்க வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். பிள்ளை பக்கத்து வீட்டில் படுத்து, தானே எழுந்து, தானே குளித்துப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ருலானியின் தம்பி கெசானி, மலமுலேலே ஊரிலிருந்து வந்தார். "அக்கா புள்ளய நாங்க வளக்கறோம்" என்றார். பெண் கொடுத்த வீட்டுக்காரர் முன்னால் இவன் என்ன பேசுவான்? தலையைக் குனிந்துகொண்டு சரி என்று ஆட்டினான். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அமுகெலானி துணிகளை மடித்துப் பை கட்டினாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இவளுக்கும் போகத்தான் பிடித்திருக்கிறது போல என்று ரிசெங்கா நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனை ராப்பகலாகக் குடைந்தது.

பிள்ளையைக் கூட்டிப் போகக் கெசானியே வருவதாக இருந்தது. அவருக்கு வேலை நாளை மாற்றிக்கொள்ள முடியவில்லை. அதனால் அவர் மனைவி பசானி வந்து சேர்ந்தாள். அங்கேதான் வந்தது வினை.

ரிசெங்கா ருலானியைக் கட்டியபோது பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுத்த மாடுகளை வைத்துத்தான் கெசானி பசானியைக் கட்டினார். அந்த உறவுக்கு அங்கே இருக்கிற மரியாதை மாமியார் மரியாதையைவிடப் பெரிது. முகத்தைப் பார்க்கக் கூடாது. ஒரே பாயில் உட்காரக் கூடாது. எதிரில் சாப்பிடக் கூடாது. ஒருவரிடம் ஒருவர் நேராகப் பேசவே கூடாது. இந்தக் காலத்துப் பையன்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார்கள். ரிசெங்கா சிரிக்கிற ஆளில்லை. பதினோரு வருஷமாகப் பசானியின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. இப்போது அவளோடு ஒரே வண்டியில் அரை நாள் சுற்ற வேண்டும், அதுவும் கீழே இறங்கவே கூடாத இடத்தில்.

வழி கண்டுபிடித்தார்கள். பசானி தோள்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். ரிசெங்கா உள்ளே இருக்கிற கண்ணாடியை மேலே திருப்பி வண்டிக்கூரையைப் பார்க்க வைத்தான். நடுவில் அமுகெலானி. தபால்காரி வேலை அவளுக்கு.

ஆறு மணிக்கு வாயில் திறந்தது. சீட்டு எழுதுகிற பெண் லுலெகானிக்காரிதான், தினமும் இவன் வண்டியில் வருகிறவள்.

"என்ன அண்ணே, உள்ளயும் ரூட் போட்டுட்டீங்களா? சிங்கத்த ஏத்திட்டு வரப் போறீங்களா?"

"ஏத்துனா என்ன? நகத்த உள்ள வச்சுக்கிட்டு ஒழுங்கா உக்காந்தா சரி."

"வண்டிய விட்டு எறங்காதீங்க. கைய வெளிய நீட்டாதீங்க. முக்கியமா அந்த ஹாரன்ல கைய வைக்காதீங்க. மத்தவங்களுக்கு இத சொல்ல மாட்டேன், உங்களுக்குத்தான் சொல்றேன்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை. ரோட்டோரம் நாலு இம்பாலா மான் நின்றன. பீப்.

"அப்பா!"

"தெரியாம பட்டுருச்சு."

அடுத்தது ஒட்டகச்சிவிங்கி. முள்மரத்துக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரியே நின்றது. பீப்.

"அப்பா, அது எங்க உக்காரும்? கூரையப் பிச்சிட்டுத்தான் ஏறணும்" என்று அமுகெலானி சீட்டில் புரண்டு புரண்டு சிரித்தாள். கடைசி சீட்டில் யாரோ துணியை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்குகிற சத்தமும் கேட்டது. ரிசெங்காவுக்குக் காது சூடாகிவிட்டது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஒற்றைக் கையால் ஓட்டினான்.

செப்டம்பர் மாதம், மழை வருகிறதற்கு முன்னால், மரமெல்லாம் மொட்டையாக இருந்தது. அதனால் உள்ளே நின்ற மிருகமெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. காட்டெருமை, வரிக்குதிரை, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்டுப்பன்றிக் குடும்பம். அமுகெலானி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓடிவந்து அப்பாவிடம் காட்டினாள், பின்னால் ஓடிப் போய் அத்தையிடம் காட்டினாள். நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியதும் ரிசெங்கா ஃபிளாஸ்கைத் திறந்தான்.

"அத்தைக்கு டீ வேணுமான்னு கேளு."

"அத்தை, அப்பா டீ வேணுமான்னு கேக்கறாரு."

"காதுல விழுந்துச்சுடி. பாதி கிளாஸ் போதும்னு சொல்லு."

"அப்பா, பாதி கிளாஸ்..."

"எனக்கும் காதுல விழுந்துச்சு."

"அப்ப நான் எதுக்கு?" என்றாள் அமுகெலானி. நியாயமான கேள்விதான். ரிசெங்கா எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளைப் பின்னால் கொடுத்தனுப்பிவிட்டு, தான் முன்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் மென்றான்.

பசானி பிள்ளையை மடியில் இழுத்து உட்கார வைத்துத் தலையைத் தடவினாள். வரிவரியாகப் பின்னியிருந்தது, ஒரு முடி வெளியே இல்லை.

"நல்லாருக்கே. யாருடி பின்னிவிட்டா, பக்கத்து வீட்டுக்காரியா?"

"அப்பாதான்."

"யாரு?"

"அப்பா. ஸ்டாண்டுல வண்டி நெறையறவரைக்கும் பின்னுவாரு. தல பின்ற அக்காங்ககிட்ட கத்துக்கிட்டாரு. மொதல்ல கோணகோணையா வரும். வண்டி நெறஞ்சுட்டா அப்படியே போட்டுட்டுக் கெளம்பிடுவாரு. பாதித் தலையோட மூணு ட்ரிப் போயிருக்கேன், தெரியுமா?"

ரிசெங்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மற்ற டிரைவர்கள் அவனை இதைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் பேசவும் முடியாது. வண்டியைக் கிளப்பினான். பின்னால் பசானி அந்தப் பின்னலை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பெரிய ரோட்டில் கார்கள் கூடிவிட்டன. வறண்ட ஓடை ஒன்றைத் தாண்டிப் போகிற மண் பாதையில்தான் தன் வகுப்புப் பிள்ளைகள் சிங்கம் பார்த்தார்கள் என்று அமுகெலானி சொன்னாள். திருப்பினான். ஓடைமேல் கைப்பிடி இல்லாத குறுகலான சின்னப் பாலம். அதைத் தாண்டி, ஒரு வளைவு. வளைந்ததும் பாதையின் இடது ஓரத்தில் யானை நின்றது.

தனி ஆண் யானை. தும்பிக்கையை மேலே தூக்கி ஒரு கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரிசெங்காவின் கண்ணுக்கு என்ன தெரிந்தது? ரோட்டோரம் ஒரு ஆள், கையைத் தூக்கிக்கொண்டு.

பீப்.

அடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. யானை கிளையை விட்டது. திரும்பியது. இரண்டு காதையும் விரித்தது. ஒரு நிமிஷம் உலகமே அந்தக் காதுகளாகத்தான் இருந்தது. பிறகு புழுதியை உதைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து வந்தது.

ரிவர்ஸ் போட்டான். ஆனால் எதைப் பார்த்து ஓட்டுவது? உள்கண்ணாடி கூரையைக் காட்டுகிறது. இடது பக்கக் கண்ணாடியைப் போன மாதம் ஸ்டாண்டில் இன்னொரு வண்டி உரசி உடைத்துவிட்டது. வலது கண்ணாடியில் வெறும் புழுதி. திரும்பிப் பார்க்கலாமே என்பீர்கள். திரும்பினால் பசானியின் முகம். யானை துரத்தும்போதுகூட அவன் கழுத்து திரும்ப மறுத்தது. பதினோரு வருஷத்துப் பழக்கத்தை ஒரு நொடியில் விட முடியுமா?

"அப்பா, வருது! கிட்ட வருது!"

"பின்னால என்ன இருக்கு? அத்தைகிட்ட கேளு! வளைவு எங்கன்னு கேளு!"

"அத்தை, அப்பா..."

பசானிக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. பின்கண்ணாடியைப் பார்த்து முட்டிபோட்டு ஏறி நின்றாள்.

"லெஃப்ட்ல ஒடி! இன்னும் ஒடி! போதும், நேரா வா. வா, வா, வா! பாலம் வருது. ரைட்ல கொஞ்சம்... அய்யோ அவ்வளவு இல்ல, கவுத்துடப் போற! நேரா! யோவ், நேரான்னா நேராய்யா! வா, வா... பாலம் தாண்டிட்ட. இன்னும் வா. நில்லு!"

நின்றது. யானை பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தலையை ஒரு உதறு உதறி, காதை மடக்கி, இந்தப் பயல்களோடு என்ன பேச்சு என்பதுபோல் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் அமுகெலானி மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, நீங்க அப்பாவ 'யோவ்'னு சொன்னீங்க."

பசானி நாக்கைக் கடித்துக்கொண்டு தோள்துணியால் முகத்தை மூடினாள். ரிசெங்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். இனி கோழி அறுத்து, பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டால்தான் இது தீரும். மரியாதை என்று ஒரு வருஷம் இரண்டு வருஷமா காத்தார்கள்? எல்லாம் புழுதியோடு போய்விட்டது.

போனது போய்விட்டது. அப்படி நினைத்ததும் அவனுக்குள் ஏதோ அவிழ்ந்தது. இந்தப் பெண்ணிடம் நேராகப் பேசுவதற்கு இனி இன்னொரு யானை வராது. மலமுலேலே போகிற வண்டி சாயங்காலம் நாலு மணிக்கு. கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"தங்கச்சி, புள்ளயக் கூட்டிட்டுப் போகாதீங்க."

பசானி தோள்துணியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள் பசானி.

"யார்கிட்ட சொல்றது? உங்ககிட்ட பேசக் கூடாது. உங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. மரியாதைக்குத் தலைய ஆட்டுனேன்."

"தலைய ஆட்டுனீங்க. அவரு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'ஒரு வார்த்த மறுத்துப் பேசல. பாரம் எறங்குனா போதும்னு இருக்கான்'னு சொன்னாரு. பெத்தவனுக்கே வேணாம்னா புள்ள அங்க எதுக்குன்னு நெனச்சுத்தான் வந்தேன். எனக்கு மூணும் பசங்க. ஒரு பொண்ணு வேணும்னு ஆச இல்லாம இல்ல, பொய் சொல்ல மாட்டேன். கட்டில்கூட வாங்கிப் போட்டாச்சு."

"பாரமா?" ரிசெங்கா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "பாரமா அவ? அவ இருக்கான்னுதான் ராத்திரி வீட்டுக்குப் போறேன். இல்லன்னா இந்த வண்டியிலயே படுத்துக்குவேன். ருலானி போன அன்னைக்கே நானும் பாதி போயிட்டேன். மீதி இதோ இந்தப் புள்ளதான். அத எப்படிங்க உங்ககிட்ட சொல்லுவேன்?"

"சரி. அழுதா போதுமா? காலைல நாலு மணிக்கு அவளுக்கு யாரு இருக்கா?"

"மொத ட்ரிப்ப விட்டுடறேன். அவள ஸ்கூல்ல எறக்கிட்டுத்தான் வண்டி எடுப்பேன்."

"வண்டி ஓனர் ஒத்துக்கலன்னா?"

"வண்டிய வாங்கிட்டுப் போகட்டும். லைசென்ஸ் என்னுதுதானே. எதையாவது ஓட்டுவேன்."

"வருமானம் கொறையும்."

"கொறையட்டும். வயித்தக் கட்டுவேன். அவள விட மாட்டேன்."

சொன்ன வேகத்தில் தன்னை அறியாமல் திரும்பிவிட்டான். பசானி முகத்தை மூடிக்கொள்ள மறந்து உட்கார்ந்திருந்தாள். புழுதி அப்பிய வட்ட முகம், அதில் கண்ணீர் வழிந்த கோடு. இவ்வளவுதானா, இதைப் பார்க்கவா பதினோரு வருஷம் பயந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டு பேரும் அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"டிசம்பர் லீவு பூரா என்கிட்ட அனுப்பிடணும்" என்றாள் பசானி ஜன்னலைப் பார்த்து. "ஒரு நாள் கொறையக் கூடாது. அந்தக் கட்டில் சும்மா கெடக்கக் கூடாது."

"அனுப்பறேன்."

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். அவரு கத்துனா கத்தட்டும். யானையே வந்து சொல்லுச்சுன்னு சொல்லிக்கறேன்."

ரிசெங்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வண்டியைக் கிளப்ப சாவியில் கை வைத்தான். அப்போதுதான் அமுகெலானி சத்தமே போடாமல் இருப்பது உறைத்தது. இவ்வளவு நேரம் பெரியவர்கள் இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நீ என்ன சொல்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. நடு சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பாவையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா? உனக்கு அத்தை வீட்டுக்குத்தான் போகணுமா? போகணும்னா சொல்லு. அப்பா கோச்சுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து வந்து இரண்டு கையாலும் அவன் தோளில் குத்த ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா சொல்லல? ஏன் மொதல்லயே சொல்லல? நான் பை கட்டும்போது கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டேதானே இருந்த? போகாதன்னு சொல்லுவ, சொல்லுவன்னு ஒவ்வொரு துணியா மெதுவா மடிச்சேன். ரெண்டு தடவ பிரிச்சு மறுபடியும் மடிச்சேன். நீ சொல்லவே இல்ல!"

"நீ அழலியேம்மா. அதான்..."

"நான் அழுதா நீயும் அழுவன்னுதான் அழல!"

அவள் குத்தக் குத்த வாங்கிக்கொண்டான். பிறகு அப்படியே இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். பசானி கடைசி சீட்டிலிருந்து எழுந்து, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு நடுவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் தள்ளிப் போய் அழலாம் என்றாலும் கீழே இறங்க முடியாத இடம். அதனால் மூன்று பேரும் வண்டிக்குள்ளேயே அழுதார்கள்.